அம்மாவின் கையைக் கட்டி வைத்திருந்தார்கள். புகார் கொடுப்பதா, பேசாமல் கூட்டிக்கொண்டு வந்துவிடுவதா?

சுங்கை சிப்புட் மகள் எழுதியது:

வணக்கம். இந்தக் குழுவில் ரொம்ப நாளாகப் படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. யாரிடம் கேட்பது என்று தெரியாமல்தான் இங்கே வந்திருக்கிறேன்.

அம்மாவுக்கு 74 வயது. 31 வருஷம் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தில் பால் எடுத்தவர். தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை போட்டு, லயத்து வீட்டையும் காலி செய்யச் சொன்ன பிறகு டவுன் பக்கம் ஒரு தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) வந்துவிட்டோம். போன தீபாவளி கழிந்து ஒரு வாரத்தில் அம்மாவுக்கு ஸ்ட்ரோக். இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறும், ஆனால் நாம் சொல்வது எல்லாம் அவருக்குப் புரியும். விழுங்க முடியவில்லை என்று ஆஸ்பத்திரியிலேயே மூக்குக் குழாய் போட்டு அனுப்பினார்கள். மூன்று மாதம் வீட்டில் வைத்துப் பார்த்தேன். ஈப்போவில் தொழிற்சாலை வேலை, 12 மணி நேர ஷிப்ட். வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார், வாரத்தில் நாலு நாள் வெளியூர். என்னால் முடியவில்லை. சிங்கப்பூரில் இருக்கும் தம்பி பணம் கொடுக்க, மாதம் 1,800 வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) வேறொரு டவுனில் ஒரு தனியார் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தோம். பெயரை இங்கே போடவில்லை.

ஞாயிறுதோறும் காலை 11 மணிக்குப் போவேன். அம்மாவைக் குளிப்பாட்டி, பவுடர் பூசி, தலை சீவி, முழுக்கை நைட்டி போட்டு நாற்காலியில் உட்கார வைத்திருப்பார்கள். நல்லபடியாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள் என்று நிம்மதியாகத் திரும்புவேன். இப்போது யோசித்தால், இந்த ஊர் வெயிலில் முழுக்கை எதற்கு என்று ஒரு நாளாவது கேட்டிருக்க வேண்டும்.

போன புதன்கிழமை மெஷின் பழுதாகி எங்களைச் சீக்கிரம் அனுப்பிவிட்டார்கள். அம்மாவைப் பார்க்கலாமே என்று சொல்லாமல் போனேன். மத்தியானம் மூன்று மணி இருக்கும். அறைக்குள் போகும்போதே வாடை. அம்மா மல்லாந்து படுத்திருந்தார். வலது கையை, அதாவது அவருக்கு இருக்கிற ஒரே நல்ல கையை, கட்டில் கம்பியோடு கட்டியிருந்தார்கள். பாத்தேக் கைலியில் கிழித்த துணி. முடிச்சு எச்சிலிலோ பாலிலோ நனைந்து இறுகி, என் விரலுக்கு அவிழவில்லை. சாவியை நுழைத்து நெம்பித்தான் அவிழ்த்தேன். இரண்டு விரல் அகலத்துக்குத் தடம், இரண்டு இடத்தில் தோல் உரிந்திருந்தது. கை விடுபட்டதும் அம்மா அழவில்லை. என்னைக்கூடப் பார்க்கவில்லை. முதலில் மூக்கைச் சொறிந்தார். ரொம்ப நேரம் சொறிந்தார். எத்தனை மணி நேரமாக அரித்ததோ.

போர்வையைத் தூக்கினேன். பெம்பர்ஸ் கனத்துத் தொங்கியது. மாற்றலாம் என்று அம்மாவைப் புரட்டியபோது முதுகின் அடியில், வால் எலும்பு இருக்கும் இடத்தில், 50 காசு அளவுக்குப் புண். நடுவில் கறுப்பாக இருந்தது.

கேட்டதற்கு, "குழாயைப் பிடுங்குறாங்க, அதான் கட்டினோம்" என்றார் அங்கே இருந்த பெண். புண்ணைப் பற்றிக் கேட்டால், வயதானவர்களுக்கு வருவதுதான் என்றார்கள். நிர்வாகி போனில், "திருப்தி இல்லேன்னா கூட்டிட்டுப் போங்க" என்று வைத்துவிட்டார். நான் கிளம்பும்போது பக்கத்துக் கட்டில் பாட்டி என் முந்தானையைப் பிடித்து இழுத்து, தன் கையைத் தூக்கிக் காட்டினார். அதிலும் தடம் இருந்தது. அவரைப் பார்க்க யாரும் வந்து நான் கண்டதில்லை.

தம்பி சொல்கிறான், பெரிதுபடுத்தாதே அக்கா, முதலில் வேறு இடம் பார், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று. அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறார். நான் புகார் கொடுத்தால் அந்தக் கோபத்தை அவர்மேல் காட்டுவார்களோ என்று பயமாக இருக்கிறது. இதைக் கொடுமை என்று சொல்லலாமா, இல்லை நான்தான் அதிகமாகப் பதறுகிறேனா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பழைய மிஸ்ஸி, தைப்பிங்:

தங்கச்சி, 34 வருஷம் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மிஸ்ஸியாக (நர்ஸாக) இருந்து ஓய்வு பெற்றவள் நான். நீ பதறுவது சரிதான். மற்ற கேள்விக்கெல்லாம் அப்புறம் வருகிறேன். நாளைக்கே அம்மாவை அரசாங்க ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கொண்டு போ. வேறு இல்லம் கிடைக்கும்வரை காத்திருக்காதே. புண்ணின் நடுவில் கறுப்பு என்றால் அந்தத் தசை செத்துவிட்டது. அதற்கு அடியில் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று மேலே பார்த்துச் சொல்ல முடியாது. காய்ச்சலோ குளிரோ தூக்கமாகவே கிடப்பதோ இருந்தால் கிருமி இரத்தத்தில் கலந்திருக்கலாம், இன்றைக்கே போ.

டாக்டரிடம் மணிக்கட்டுத் தடத்தையும் காட்டு. எங்கே, எப்படிப் பார்த்தாய் என்று சொல்லி, இரண்டையும் அளந்து குறிப்பில் எழுதச் சொல். பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகளின் அவசரப் பிரிவில் ஓ.எஸ்.சி.சி. என்று ஒன்று உண்டு. அடி, வன்முறை என்று வருகிறவர்களை ஒரே இடத்தில் வைத்து டாக்டர், போலீஸ், கெபாஜிக்கான் (சமூகநல இலாகா) மூவரும் பார்க்கும் ஏற்பாடு. அதைக் கேள். நீயும் போனில் படம் எடுத்து வை. புண்ணுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து எடு, பிறகு அளவில் வாக்குவாதம் வராது.

கொடுமையா என்று கேட்டாய். குழாயைப் பிடுங்கும் நோயாளியின் கையை வார்டிலும் சில சமயம் கட்டுவோம், நான் மறைக்கவில்லை. ஆனால் டாக்டர் சொல்லி, குடும்பத்துக்குச் சொல்லி, மெத்தென்ற பட்டையால் கட்டுவோம். அடிக்கடி அவிழ்த்து விரல் குளிர்ந்திருக்கிறதா, தோல் சிவந்திருக்கிறதா என்று பார்த்து எழுதுவோம். அதற்கும் முன்னால் கைக்குப் பஞ்சு உறை மாட்டிப் பார்ப்போம். பழைய கைலியைக் கிழித்துத் தோல் உரியும்வரை கட்டிவிட்டு, அதை மறைக்க முழுக்கைச் சட்டை போடுவது அந்தக் கணக்கில் வராது. படுக்கைப் புண் விஷயத்தில் நான் நியாயமாகப் பேச வேண்டும். ரொம்ப நலிந்துபோனவர்களுக்கு எவ்வளவு பார்த்தாலும் வரத்தான் செய்யும். ஆனால் வந்த அன்றே வீட்டுக்குச் சொல்லியிருக்க வேண்டும். கறுப்பாகும்வரை சொல்லாமல் இருந்தது பராமரிப்பே இல்லை.

உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிற கணக்கு ஒன்று உண்டு. முதியோர் இல்லங்களில் வேலை செய்பவர்களில் மூன்றில் இரண்டு பேர், கடந்த ஒரு வருஷத்தில் ஏதோ ஒரு விதத்தில் முதியவர்களைக் கொடுமைப்படுத்தியதாகத் தாங்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அத்தனை பேரும் கெட்டவர்களாக இருக்க முடியாது. ஆனால் உன் அம்மாவுக்கு நடந்தது ஏதோ ஒரு நாள் தவறிப் போனது என்று யாராவது சொன்னால் நம்பாதே.

இன்னொன்று. ஸ்ட்ரோக் வந்து ஏழெட்டு மாதம் ஆகிவிட்டதே, விழுங்குகிறாரா என்று மறுபடி யாராவது சோதித்தார்களா? பலருக்கு விழுங்கும் சக்தி நாளடைவில் திரும்பி வரும். குழாயே தேவையில்லை என்றால் கையைக் கட்டும் பேச்சுக்கு இடம் ஏது?


இரவு ஷிப்ட்:

அக்கா, இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நான் இப்படிப்பட்ட ஒரு இல்லத்தில் இரண்டு வருஷம் வேலை செய்தேன். நீங்கள் சொல்லும் இடம் இல்லை, இது வேறு மாநிலம். ராத்திரிக்கு நான் ஒருத்தி, படுக்கையில் 19 பேர். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எல்லாரையும் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று சுவரில் அட்டவணை ஒட்டியிருக்கும். ஒருவரைப் புரட்டி, பெம்பர்ஸ் பார்த்து, தலையணை வைக்க எட்டு நிமிஷம் ஆகும். பெருக்கிப் பாருங்கள், இரண்டரை மணி நேரத்துக்கு மேல் வரும். நடக்காத காரியம். அதனால் காலையில் ஆறு மணிக்கு உட்கார்ந்து எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டுவிடுவேன். என்னை வேலைக்குச் சேர்த்த அன்று பழைய ஆள் கற்றுக்கொடுத்த முதல் வேலையே அதுதான்.

நானும் கட்டியிருக்கிறேன். ஒரு தாத்தா, தோட்டத்தில் முன்னாள் மண்டோர் (மேற்பார்வையாளர்), ராத்திரி பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நேரமாகிவிட்டது என்று எழுந்து எழுந்து நடப்பார். விழுந்து இடுப்பு உடைந்தால் என் தலையில் விழும் என்று இடுப்பில் துணி போட்டுக் கட்டிலோடு கட்டினேன். "அம்மா, அவுத்து விடும்மா" என்று விடியும்வரை கேட்டார். அவர் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

அதனால் அந்தப் பெண்ணோடு மட்டும் சண்டை போட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். ராத்திரிக்கு எத்தனை பேருக்கு எத்தனை ஆள் என்று முதலாளியிடம் கேளுங்கள். அந்தக் கேள்வியை எங்கள் இல்லத்தில் எந்தக் குடும்பமும் கேட்டதில்லை. சாப்பாடு என்ன, ஏர்கோன் இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள். அப்புறம், ஞாயிறு காலையில் வருகிறவர்களின் ஆட்களை மட்டும் சனி ராத்திரியே தனியாகக் கவனிப்போம். யார் எப்போது வருவார்கள் என்று எங்களுக்கு மனப்பாடம். நேரம் சொல்லாமல் வருகிறவர்களின் ஆட்களைத்தான் எல்லா நாளும் கவனித்தோம். உங்கள் பக்கத்துக் கட்டில் பாட்டி போல யாருமே வராதவர்கள்தான் கடைசி.


கெபாஜிக்கான் தொண்டர், கோலகங்சார்:

நான் சமூகநல இலாகாவின் வீட்டு உதவிச் சேவையில் தொண்டூழியராக முதியவர்களின் வீடுகளுக்குப் போய் வருபவன். அதிகாரி இல்லை. எனக்குத் தெரிந்த நடைமுறையைச் சொல்கிறேன் சகோதரி.

நாலு பேரோ அதற்கு மேலோ தங்க வைத்துப் பராமரிக்கும் எந்த இடமும் 1993-ஆம் ஆண்டு பராமரிப்பு மையச் சட்டத்தின்கீழ் ஜே.கே.எம்.மில், அதாவது சமூகநல இலாகாவில், பதிந்திருக்க வேண்டும். சட்டம் 506 என்று சொன்னால் ஆபீஸில் உடனே புரியும். அடுத்தமுறை போகும்போது சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். நோயாளிகளுக்குத் தாதிமைப் பராமரிப்பு கொடுக்கும் இல்லம் என்றால் 1998-ஆம் ஆண்டுச் சட்டம் 586-இன்கீழ் சுகாதார அமைச்சின் உரிமம் வேண்டும். உங்கள் அம்மாவுக்குக் குழாயும் புண்ணும் இருப்பதால் இரண்டையும் கேளுங்கள்.

புகாரை எங்கே கொடுப்பது என்றால், அந்த இல்லம் எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ அந்த மாவட்டக் கெபாஜிக்கான் ஆபீஸில். நம் கோலகங்சார் ஆபீஸில் இல்லை. நேரில் போக முடியாவிட்டால் தாலியான் காசே என்ற உதவித் தொலைபேசி எண் 15999, 24 மணி நேரமும் எடுப்பார்கள். வாட்ஸ்அப் 019-2615999. உங்கள் பெயரை இல்லத்துக்குச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கையில் ஆதாரம் முழுசாக இருந்தால்தான் புகார் என்று நினைக்க வேண்டாம், விசாரிப்பது அவர்கள் வேலை. நீங்கள் பார்த்ததைத் தேதி, நேரம், கட்டில் எங்கே இருந்தது என்பதோடு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாலே போதும். காயம் இருப்பதால் போலீஸ் ரிப்போர்ட்டும் போடுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் அன்றே போட்டால் டாக்டர் குறிப்பும் ரிப்போர்ட்டும் ஒரே நாளில் அமையும்.

பழிவாங்குவார்கள் என்ற பயம் நியாயமானது. அதனால் வரிசையை மாற்றுங்கள். முதலில் அம்மா ஆஸ்பத்திரிக்கு, பிறகு புகார். அம்மா வார்டில் இருக்கும்போது அவர்களால் அவரைத் தொட முடியாது. பக்கத்துக் கட்டில் பாட்டியையும் புகாரில் எழுதுங்கள். அவருக்காக எழுத அங்கே வேறு ஆள் இல்லை.

வீட்டில் வைத்துப் பார்ப்பதிலும் இது நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு தோட்டத்துப் பக்கம் ஒரு பாட்டி வீட்டுக்கு மாதத்தில் நாலைந்து தடவை போய்க்கொண்டிருந்தேன். மகன் வாசலிலேயே மைலோ கலக்கிக் கொடுத்து, "அம்மா தூங்குறாங்க" என்பார். மூன்றாம் தடவை கக்கூசுக்குப் போகிற சாக்கில் உள்ளே போனேன். பாட்டியின் அறைக் கதவில் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது. புதுத் தாழ்ப்பாள், ஆணி பளபளவென்று இருந்தது. அவருக்கு வரும் முதியோர் உதவித்தொகைக்கான பேங்க் கார்டு மகனிடம். பாட்டிக்கு எலும்பும் தோலும்தான் மிச்சம். மேலிடத்தில் சொன்னேன், அதிகாரிகள் வந்தார்கள். உறவுக்காரர் செய்தால் 1994-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது. கணவன் மனைவிக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். முதுமையாலோ நோயாலோ இயலாமல் குடும்பத்தோடு இருப்பவரையும் அது காக்கிறது. 2017-இல் திருத்திய பிறகு, அவசரம் என்றால் கெபாஜிக்கான் அதிகாரியே 7 நாளுக்குப் பாதுகாப்பு ஆணை போட முடியும்.


அப்பாவின் பையன், பீடோர்:

அக்கா வீட்டுக்கே கூட்டிப்போக நினைத்தால் என் கதையையும் கேட்டுவிட்டு முடிவு செய்யட்டும். அப்பாவுக்கு மறதி நோய். நான் ஒற்றைப் பிள்ளை, கல்யாணம் ஆகவில்லை. தூக்கமில்லாமல் பதினோராவது ராத்திரியோ என்னவோ, மாற்றிப் போட்ட பெம்பர்ஸை மூன்றாவது தடவையாகக் கிழித்துச் சுவரில் தேய்த்தார். அவர் கைமேல் ஓங்கி அடித்துவிட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "சார், தப்புங்க சார்" என்றார். தோட்டத்தில் கிராணியிடம் (கணக்கரிடம்) பேசுகிற குரல். என்னைத் தெரியவில்லை அவருக்கு.

மறுநாள் கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கச் சுகாதார கிளினிக்கில்) மிஸ்ஸியிடம் போய் உள்ளதைச் சொன்னேன். போலீஸில் பிடித்துக் கொடுப்பார்கள் என்று நினைத்தேன். அவர் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு, படுக்கையில் இருப்பவர்களை வீட்டுக்கே வந்து பார்க்கும் கிளினிக் குழுவில் அப்பா பெயரைப் பதிந்தார். பெம்பர்ஸை முன்பக்கம் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டு மேலே கைலி கட்டச் சொன்னார், அப்பா அதற்குப் பிறகு கிழிக்கவில்லை. ஓ.கே.யு. (மாற்றுத்திறனாளி) கார்டுக்கு எழுதினோம். படுத்த படுக்கையானவரைப் பார்ப்பவருக்கு கெபாஜிக்கானில் மாத உதவித்தொகை உண்டு, குடும்ப வருமானம் பார்த்துத்தான் தருவார்கள். செவ்வாயும் வெள்ளியும் எதிர்வீட்டு அத்தை இரண்டு மணி நேரம் வந்து உட்காருகிறார். அந்த நேரத்தில் தூங்குகிறேன், வேறு ஒன்றும் செய்வதில்லை. அதன்பிறகு கை ஓங்கவில்லை. தனியாக மட்டும் பார்க்காதீர்கள் அக்கா.


சுங்கை சிப்புட் மகள் எழுதியது (18 நாள் கழித்து):

எல்லாருக்கும் நன்றி. மிஸ்ஸி அக்கா எழுதிய மறுநாளே அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். இல்லத்தில் காரணம் எதுவும் சொல்லவில்லை, செக்கப் என்றேன். கறுப்பை வெட்டி எடுத்தபோது உள்ளே என் கட்டைவிரல் முதல் கணு போகுமளவுக்குக் குழி. 50 காசு என்று எழுதியிருந்தேன், அது வாய் மட்டும்தான். டாக்டர் அளந்து எழுதினார், மணிக்கட்டையும் எழுதினார். அன்று சாயங்காலமே போலீஸ் ரிப்போர்ட், மறுநாள் கெபாஜிக்கான் ஆபீஸ். அங்கே இருந்த பெண்மணி நான் எழுதிக் கொண்டுபோன தாளை இரண்டு தடவை படித்துவிட்டு, அந்தப் பாட்டி எந்தக் கட்டில் என்று படம் வரையச் சொன்னார். வரைந்தேன். போய்ப் பார்த்துவிட்டார்களாம், விசாரணை நடக்கிறது, அதற்கு மேல் இப்போது சொல்ல முடியாது என்றார்கள். பாட்டியை வேறு இடத்துக்கு மாற்றியதை மட்டும் சொன்னார்கள்.

இரவு ஷிப்ட் தங்கச்சி, உங்கள்மேல் எனக்குக் கோபம் வந்தது. பொய் சொல்ல மாட்டேன். இரண்டு நாள் கழித்து மறுபடி படித்தேன். நிர்வாகிக்குப் போன் போட்டு ராத்திரிக்கு எத்தனை ஆள் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் வைத்துவிட்டார். அதையும் புகாரில் சேர்த்துவிட்டேன்.

தம்பி லீவு போட்டு வந்து பார்த்தான். புண்ணுக்கு மருந்து கட்டும்போது உள்ளே நிற்க முடியாமல் வராந்தாவுக்குப் போய்விட்டான். பெரிதுபடுத்தாதே என்று அதன்பிறகு சொல்லவில்லை. 1,800 வெள்ளியை இனி எனக்கே அனுப்புகிறான். நான் ஆறு மாதம் சம்பளமில்லாத லீவு கேட்டிருக்கிறேன், மூன்று மாதம் கொடுத்திருக்கிறார்கள். லயத்தில் எங்களுக்குப் பக்கத்து வீட்டில் இருந்த அக்கா காலையில் வந்து குளிப்பாட்ட உதவுகிறார். முழு நேரத்துக்கு ஆள் தேட வேண்டும். தேடும்போது அவருக்கும் வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு என்று முதலிலேயே பேசிவிடுவேன்.

விழுங்கும் சோதனை செய்தார்கள். முதல் நாள் தண்ணீரில் இருமினார். கெட்டியாக்கிக் கொடுத்தபோது இறங்கியது. போன வெள்ளிக்கிழமை குழாயை எடுத்துவிட்டார்கள். இப்போது கெட்டி மைலோ, குழைந்த கஞ்சி, நிமிர்த்தி உட்கார வைத்து, சின்னக் கரண்டியால், ஒரு வேளைக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. நேற்று கரண்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு தானே வாய்க்குக் கொண்டுபோனார். பாதி நைட்டியில்தான் விழுந்தது. மணிக்கட்டில் தடம் கறுத்துப்போய் இன்னும் தெரிகிறது.

ஒரு உதவி. காற்று அடைத்து மாறி மாறி ஊதும் மெத்தை, ரிப்பிள் மெத்தை என்கிறார்களே, ஆஸ்பத்திரியில் இரவல் கேட்டேன், வரிசை நீளமாக இருக்கிறது. சுங்கை சிப்புட், கோலகங்சார் பக்கம் யார் வீட்டிலாவது பயன்படுத்தி முடித்தது இருந்தால் சொல்லுங்கள். புதன்கிழமை வீட்டுக்காரர் லாரியோடு இருப்பார், வந்து எடுத்துக்கொள்வோம். மோட்டார் ஓடினால் போதும், உறை கிழிந்திருந்தாலும் நான் தைத்துக்கொள்கிறேன்.


பழைய மிஸ்ஸி, தைப்பிங்:

என் மாமியாருக்கு வாங்கியது இருக்கிறது, மோட்டார் நன்றாக ஓடும். புதன்கிழமை வரச் சொல். மெத்தை வந்துவிட்டது என்று புரட்டுவதை விட்டுவிடாதே, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டத்தான் வேண்டும். குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்கால் அடியில் தலையணை வை. வட்ட ரப்பர் வளையத்தில் மட்டும் உட்கார வைக்காதே, சுற்றிலும் இரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். முகவரியைத் தனிச் செய்தியில் அனுப்புகிறேன்.